டில்லான் 750 முழு செட் வாங்கலாமா, காசு தண்டமா?

பிரிஸ்கோவாசி:
வணக்கம். டல்லாஸ் பக்கம் பிரிஸ்கோவில் இருக்கிறேன். கிரீன் கார்டு வந்து சில வருடம் ஆகிறது. மாதம் ஒரு யூஎஸ்பிஎஸ்ஏ (கைத்துப்பாக்கிச் சுடும்) போட்டி, இடையில் கொஞ்சம் பயிற்சி என்று 9 எம்எம்மில் மாதத்துக்கு 300 தோட்டா போகிறது. அதோடு இப்போது ஒரு 6.5 கிரீட்மோர் ரைபிளும் வந்து சேர்ந்திருக்கிறது. அதற்கு நல்ல மேட்ச் தோட்டா 20 கொண்ட பெட்டி 35 முதல் 40 டாலர். மாதம் நான்கைந்து பெட்டி.

சொந்தமாக ரீலோடு செய்யலாம் என்று இறங்கியிருக்கிறேன். அதாவது சுட்ட கேஸில் (பித்தளைக் கூடு) புது பிரைமர் (தீ மூட்டும் சின்ன மூடி), பவுடர் (வெடிமருந்து), புல்லட் (பறந்து போகும் முனை) வைத்து நானே தோட்டா செய்வது. கண் முழுக்க டில்லான் எக்ஸ்எல் 750 என்கிற தோட்டா செய்யும் பிரஸ் மேல்தான். கேஸ் ஃபீடர் (கேஸைத் தானே ஊட்டுவது), பவுடர் செக் (பவுடர் அளவு பார்ப்பது), இரண்டு காலிபருக்கும் (தோட்டா அளவுக்கும்) மாற்று செட், ஸ்டாண்டு எல்லாம் கூடைக்குள் போட்டால் 1800 டாலருக்குப் பக்கத்தில் நிற்கிறது. லீ கம்பெனியின் செட்டோ அதில் நாலில் ஒரு பங்குக்குள் வருகிறது. வீட்டில் கேட்ட கேள்வி: "அந்த 1800-க்கு எத்தனை பெட்டி தோட்டா வரும்னு கணக்குப் போட்டுக் காட்டு, அப்புறம் வாங்கு." விலை அதிகமான கருவி உண்மையிலேயே அந்தக் காசுக்கு வேலை செய்யுமா, இல்லை டில்லானின் நீல பெயின்ட்டுக்குத்தான் காசா?

பழைய பித்தளை:
தம்பி, வீட்டில் கேட்டது சரியான கேள்வி. அதற்குப் பதில் இல்லாமல் வாங்கினால் கராஜுக்குள் போகும்போதெல்லாம் அதே கேள்வி பின்னாலேயே வரும். கணக்கைப் போட்டுவிடுவோம்.

9 எம்எம். காலி கேஸ் ரேஞ்சில் பொறுக்கியது, செலவில்லை. பிரைமர் ஏழெட்டு சென்ட். மேல்பூச்சு போட்ட ஈய புல்லட் 9 சென்ட். பவுடர் ஏறத்தாழ 3 சென்ட். ஒரு தோட்டா 19, 20 சென்ட்டுக்கு வந்து நிற்கும். அதே தோட்டாவை ஆயிரமாகக் கடையில் வாங்கினால் 25 அல்லது 26 சென்ட். மிச்சம் 6 சென்ட். 1800 டாலரை 6 சென்ட்டால் வகுத்தால் 30,000 தோட்டா. மாதம் 300 சுடுகிற உங்களுக்கு 100 மாதம், அதாவது எட்டு வருடத்துக்கு மேல். இதில் உங்கள் நேரத்துக்கு நான் கூலியே போடவில்லை. பிரைமரும் பவுடரும் தபாலில் வரவழைத்தால் அபாயப் பொருள் கட்டணம் தனி. கொஞ்சம் கொஞ்சமாக வாங்குகிறவர் தலையில்தான் அது கனமாக விழும்.

6.5 கிரீட்மோர் வேறு கதை. புல்லட் 45 முதல் 50 சென்ட். பவுடர் ஒரு பவுண்டு என்றால் 7000 கிரெயின், அதில் 170 தோட்டா வரை வரும்; பவுண்டு 50 டாலர் என்று வைத்தால் தோட்டாவுக்கு 30 சென்ட். பிரைமர் 9. நல்ல கேஸை வாங்கிப் பத்து முறை பயன்படுத்தினால் முறைக்கு 12 சென்ட். ஆக மொத்தம் ஒரு டாலர். கடையில் நீங்கள் கொடுப்பது 1.75 முதல் 2 டாலர். ஒவ்வொரு தோட்டாவிலும் 75 சென்ட்டுக்குக் குறையாமல் மிச்சம். மாதம் 80 தோட்டா சுட்டாலே 60 டாலர் திரும்பி வருகிறது.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். மிச்சம் வருவது ரைபிளில். ரைபிளுக்கு 750 போல ஓடுகிற இயந்திரம் தேவையே இல்லை, இழுப்புக்கு ஒரு வேலை செய்கிற சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ் போதும். 750 தேவைப்படுவது 9 எம்எம்முக்கு. அதில் மிச்சமே வரவில்லை. மூன்று பேர் வீட்டுக்குக் கல்யாண அண்டா வாங்குகிற கதைதான்.

ரேஞ்ச் ரங்கன்:
2020-ஐ மறந்துவிட்டுக் கணக்குப் போடுகிறீர்கள். அந்த வருடமும் அடுத்த வருடமும் 9 எம்எம் தோட்டா 60, 70 சென்ட்டுக்குப் போனது. பிரஸ் வைத்திருந்தவன் சுட்டுக்கொண்டே இருந்தான்.

பழைய பித்தளை:
பிரஸ் வைத்திருந்தவன் இல்லை ரங்கன், பிரைமர் வைத்திருந்தவன். அப்போது கடையில் முதலில் காணாமல் போனது பிரைமர்தான். ஆயிரம் 30, 35 டாலருக்கு விற்ற பெட்டி நூறைத் தாண்டியது, அதுவும் கிடைத்தால். நீல பிரஸ், சிவப்பு பிரஸ், பச்சை பிரஸ் எல்லாமே ஒரே மாதிரி தூசி பிடித்துக் கிடந்தன. தட்டுப்பாட்டுக்குப் பயம் என்றால் 1800 டாலரில் பாதிக்குப் பிரைமர் வாங்கி வையுங்கள், அதுதான் காப்பீடு.

அரிசோனா அக்கா:
எட்டு வருடக் கணக்கு கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் டில்லான் வாங்குகிற யாரும் சென்ட் மிச்சம் பிடிக்க வாங்குவதில்லை. அது வாங்கித் தருவது நேரம்.

சிங்கிள் ஸ்டேஜில் கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஒரு வேலை முடியும். பழைய பிரைமரைத் தள்ளி அளவைச் சரிசெய்ய ஓர் இழுப்பு, வாயை விரிக்க ஓர் இழுப்பு, புல்லட்டை உட்கார வைக்க ஓர் இழுப்பு, கேஸ் வாயை அழுத்திப் பிடிக்கிற கிரிம்ப்புக்கு ஓர் இழுப்பு. நடுவில் பிரைமர், பவுடர். மணிக்கு 50, 60 தோட்டா வந்தால் பெரிது. 750 போன்ற புரோகிரெசிவ் பிரஸ்ஸில் எல்லா ஸ்டேஷனிலும் ஒரே நேரத்தில் வேலை நடக்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு முழுத் தோட்டா கீழே விழும். டில்லான் 550-யில் மணிக்கு 400 என்பது அவசரப்படாத வேகம். கேஸ் ஃபீடர் வைத்த 750-யில் 800 என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. அதில் பிரைமர் குழாய் நிரப்புகிற நேரம் சேர்த்தியில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தம்பிக்கு மாதம் 300. சிங்கிள் ஸ்டேஜில் அது ஐந்தாறு மணி நேரம். இரண்டு சனிக்கிழமை மதியம் போச்சு. 750-யில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. வேலைக்கும் பிள்ளைகள் வகுப்புக்கும் நடுவில் ஓடுகிற வீட்டில் இந்த வித்தியாசத்துக்கு விலை இருக்கிறது. யூஎஸ்பிஎஸ்ஏ சுடுகிறவருக்கு இன்னொரு காரணமும் உண்டு. போட்டி கேட்கிற குறைந்தபட்ச பலமான மைனர் பவர் ஃபேக்டர் 125 இருந்தால் போதும். புல்லட் எடையை வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுக்கிற கணக்கு அது. கடைத் தோட்டாவில் 115 கிரெயின் புல்லட் நொடிக்கு 1150 அடி வேகத்தில் போனால் 132 வரும். நானே செய்தால் 147 கிரெயின் புல்லட்டை மெதுவாக அனுப்பி 130-க்குப் பக்கத்தில் நிறுத்துவேன். உதைப்பின் குணமே மாறிவிடும்; கை சீக்கிரம் இலக்குக்குத் திரும்பும். அந்த மாதிரி மெதுவான 147 கடையில் வாங்கப் போனால் 25 சென்ட்டுக்குக் கிடைக்காது. ஆக உங்கள் 6 சென்ட் என்பது ஒப்பிடக் கூடாததை ஒப்பிட்டு வந்த எண்.

மறுவிற்பனையையும் யோசியுங்கள். பழைய டில்லான் 550 விளம்பரம் வந்தால் அன்றைக்கே போய்விடுகிறது, விலையும் பெரிதாக இறங்குவதில்லை. 550, 750 இரண்டுக்கும் வாழ்நாள் உத்தரவாதம், இரண்டாவது கை மூன்றாவது கை என்று பார்க்காமல் பாகம் அனுப்புவார்கள். அவர்களின் பெரிய பிரஸ்ஸான 1100-க்கு மட்டும் அந்த உத்தரவாதம் அதே மாதிரி கிடையாது.

பிரிஸ்கோவாசி:
அக்கா, 550-யும் 750-யும் நடுவில் என்னதான் வித்தியாசம்? விலை பார்த்தால் அப்படியொன்றும் தூரமில்லை.

அரிசோனா அக்கா:
550-யில் நான்கு ஸ்டேஷன், கேஸ் நிற்கிற தட்டை நீங்களே கையால் திருப்ப வேண்டும். 750-யில் ஐந்து, இழுக்க இழுக்கத் தானே திரும்பும். கேள்வி வேகம் மட்டுமில்லை. 9 எம்எம்முக்குப் போடுகிற வேகமாக எரியும் பவுடர் கேஸில் பாதி கூட நிரம்பாது. ஒரே கேஸில் இருமுறை பவுடர் விழுந்தாலும் வழியாமல் உள்ளேயே நிற்கும். அதைச் சுட்டால் துப்பாக்கி வெடிக்கலாம். கையால் திருப்புகிற பிரஸ்ஸில் போன் அடித்து எழுந்து போய்விட்டு வந்தால் தட்டைத் திருப்பினோமா இல்லையா என்று சந்தேகம் வரும். அந்த இடத்தில் 750-யின் மூன்றாவது ஸ்டேஷனில் வைக்கிற பவுடர் செக் காசுக்குத் தகும். பவுடர் கூடினாலும் குறைந்தாலும் கத்தும்.

ஆனால் 550-க்கு ஆதரவாக ஒன்று: காலிபர் மாற்றுவது சுலபம், மாற்று செட் விலையும் குறைவு. நிறைய காலிபர் கொஞ்சம் கொஞ்சமாகச் சுடுகிறவருக்கு 550. ஒரே காலிபரை மூட்டை மூட்டையாகச் சுடுகிறவருக்கு 750. 6.5-ஐயும் 9-ஐயும் ஒரே 750-யில் மாற்றி மாற்றிச் செய்யலாம் என்று நினைத்து இரண்டு செட்டைக் கூடையில் போட்டிருக்கிறீர்கள். அந்த இரண்டாவது செட்டை முதலில் வெளியே எடுங்கள்.

ரேஞ்ச் ரங்கன்:
டில்லானின் ஸ்கொயர் டீல் பி பிரஸ்? விலை குறைவு, தட்டும் தானே திரும்பும்.

அரிசோனா அக்கா:
அதற்கு அதனுடைய டை (கேஸை வடிவமைக்கிற அச்சு) மட்டும்தான் பொருந்தும், பிஸ்டல் காலிபர் மட்டும்தான். பிரஸ் மாற்றினால் டையும் போச்சு. மற்ற எல்லாமே பொதுவான 7/8-14 மரையில் வருகிற டைகளை ஏற்கும்.

ஆயிரம் கஜம்:
எல்லோரும் பிஸ்டலில் போய் நிற்கிறீர்கள், நான் ரைபிள் பக்கம் பேசுகிறேன். எஃப்-கிளாஸ் என்கிற தொலைதூர ரைபிள் போட்டி சுடுகிறவன்.

உயர்ரக பிரஸ் வாங்கினால் குழு (இலக்கில் தோட்டாக்கள் விழும் பரப்பு) சுருங்கும் என்பது விளம்பரக் கனவு. 1000 கஜத்தில் எங்கள் இலக்கின் பத்துப் புள்ளி வளையம் 10 அங்குலம், அதன் நடுவில் எக்ஸ் வளையம் 5 அங்குலம். அங்கே மேலும் கீழும் தோட்டா சிதறுவதற்குப் பெரிய காரணம் வேகம் சீராக இல்லாதது. 6.5-இல் 10 அடி வேகம் மாறினால் 1000 கஜத்தில் ஏறத்தாழ 3 அங்குலம் மேலோ கீழோ போகும். பவுடர் 0.1 கிரெயின் மாறினால் வேகம் ஐந்தாறு அடி மாறும். ஆக, காசு போட வேண்டிய இடம் தராசு, கேஸ், டை. பிரஸ் நான்காவது.

ஆர்சிபிஎஸ் ராக் சக்கர் மாதிரி ஒரு வார்ப்பிரும்பு சிங்கிள் ஸ்டேஜ் 200 டாலர் சொச்சம். போர்ஸ்டர் கோ-ஆக்ஸ் அதைப் போல் இரண்டு மடங்கு. அதில் டையை மரையில் முறுக்காமல் பக்கவாட்டில் செருகினால் போதும். டையும் கேஸும் கொஞ்சம் மிதப்பதால் தானே நேராகிக்கொள்ளும். பழகினால் விடமாட்டீர்கள். ஆனால் இலக்கில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க உங்கள் ரைபிளும் உங்கள் தோளும் முதலில் அந்தத் தரத்துக்கு வர வேண்டும். அதற்கும் மேலே ஏரியா 419 ஜீரோ போல ஆயிரம் டாலர் தாண்டுகிற பிரஸ்கள் உண்டு. கடைந்தெடுத்த அழகு. வாங்குகிறவர்கள் அழகுக்காகவே வாங்குகிறார்கள் என்பது என் எண்ணம், அதில் தப்பும் இல்லை.

தராசு அப்படியில்லை. சாதாரண மின் தராசு 0.1 கிரெயின் கூடக் குறைய காட்டும். ஏ அண்ட் டி எஃப்எக்ஸ்-120ஐ என்கிற ஆய்வகத் தராசு பவுடரின் ஒன்றிரண்டு துகளையே எடை காட்டும். ஆட்டோடிரிக்லர் மாட்டினால் தானே சொட்டிச் சரியாக நிறுத்தும். இரண்டும் சேர்த்து ஆயிரம் டாலர் பக்கம் வரும். 600 கஜத்துக்கு உள்ளே சுடுகிற வரை அது வேண்டாம், நல்ல பீம் தராசே போதும். ஆனால் வேகத்தை அளக்காமல் எதையும் மேம்படுத்தாதீர்கள். கார்மின் ஸீரோ சி1 என்கிற வேகமானி வந்த பிறகு அந்த வேலை மேசையில் டப்பியை வைத்து பட்டனை அமுக்குவதாகிவிட்டது. 1800-இல் மூன்றில் ஒரு பங்கை அதற்குக் கொடுப்பேன்.

அப்புறம், மூன்று தோட்டா சுட்டுவிட்டு "இந்தப் பிரஸ்ஸில் குழு பாதியாகிவிட்டது" என்று எழுதுகிறவர்களை நம்பாதீர்கள். மூன்று தோட்டாவில் எது வேண்டுமானாலும் நடக்கும். இருபது முப்பது சுட்டுக் காட்டச் சொல்லுங்கள், பாதிப் பேர் காணாமல் போவார்கள்.

புதுசு:
சின்ன சந்தேகம். நான் எச்-1பியில் இருக்கிறேன். துப்பாக்கி வாங்கப் போவதில்லை. நண்பர் கூட ரேஞ்சுக்குப் போவேன். ரீலோடிங் மட்டும் பொழுதுபோக்காகச் செய்யலாமா? அது வெறும் உதிரிபாகம்தானே?

பழைய பித்தளை:
செய்யாதீர்கள், முதலில் வக்கீலிடம் பேசுங்கள். கூட்டாட்சிச் சட்டத்தில் வேலை விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருக்கத் தடை இருக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள்தான் உண்டு. சட்டத்தின் பார்வையில் "தோட்டா" என்பதற்குள் காலி கேஸ், பிரைமர், புல்லட், பவுடர் எல்லாமே அடங்கும். ரேஞ்சில் குனிந்து பொறுக்குகிற பித்தளை கூட. குடியேற்றக் கோப்பில் இது மாதிரி ஒரு கறை விழுந்தால் பிரஸ் விலை ஒரு பொருட்டே இல்லை. கிரீன் கார்டு வந்தவருக்கு இந்தத் தடை இல்லை.

இன்னொன்று, எல்லோருக்கும்: சொந்த உபயோகத்துக்கு ரீலோடு செய்யக் கூட்டாட்சி உரிமம் தேவையில்லை. நண்பருக்கு நாலு பெட்டி செய்து காசு வாங்க ஆரம்பித்தால் அது உற்பத்தித் தொழில், உரிமம் வேண்டும்.

கோவை ரைபிள்:
நம் ஊரில் இதெல்லாம் முடியுமா அண்ணா? கிளப்பில் .22-தான் சுடுகிறோம். தோட்டா விலை கட்டுப்படியாகவில்லை.

பழைய பித்தளை:
இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டும். துப்பாக்கி உரிமம் இருப்பதாலேயே வீட்டில் உட்கார்ந்து செய்ய முடியாது. அதைவிட, .22-ஐ வழக்கமாக யாரும் ரீலோடு செய்வதில்லை. அதில் தனிப் பிரைமர் கிடையாது, தீப்பிடிக்கும் மருந்து கேஸின் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. சுட்டதும் விளிம்பு நசுங்கிவிடும், கேஸ் அவ்வளவுதான்.

ஹூஸ்டன் ஹரிக்கேன்:
யாரும் கராஜைப் பற்றிப் பேசவில்லையே. பிரிஸ்கோவாசி, டெக்சாஸ் ஆகஸ்டில் உங்கள் கராஜ் என்ன சூட்டில் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பிரஸ் அங்கே இருக்கட்டும், பவுடரும் பிரைமரும் ஏசி இருக்கிற அறை அலமாரிக்குப் போகட்டும். சூட்டில் பவுடர் சீக்கிரம் கெடும். இரும்புப் பெட்டியில் இறுக்கிப் பூட்டி வைக்காதீர்கள். தீப்பிடித்தால் அதுவே குண்டாகிவிடும். தீத்தடுப்புக் கோட்பாடு என்எஃப்பிஏ 495-இன்படி வீட்டில் பவுடர் அதன் சொந்த டப்பாவில் 20 பவுண்டு வரை, பிரைமர் 10,000 வரை. மேலே போனால் மரப்பெட்டி விதியெல்லாம் வரும். உங்கள் நகரம் இதைவிடக் கடுமையாக இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

மேசையில் ஒரு நேரத்தில் ஒரே பவுடர் டப்பா. கண்ணாடி போடாமல் பிரைமரைத் தொடாதீர்கள். சுட்ட கேஸில் ஈயத் தூசி இருக்கும், அதனால் கேஸைச் சுத்தம் செய்கிற உலர் டம்ளர் இயந்திரத்தை வீட்டுக்குள் ஓட்டாமல், கைகழுவாமல் எதையும் தின்னாமல், குழந்தைகள் அந்தப் பக்கமே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பவுடர் அளவை எந்த இணையப் பதிவிலிருந்தும் எடுக்காதீர்கள், இங்கே எழுதுகிற எங்களிடமிருந்தும்தான். லைமன், ஹார்னடி கையேடு, அல்லது பவுடர் கம்பெனியின் பட்டியல். குறைந்தபட்ச அளவிலிருந்து தொடங்க வேண்டும்.

ரேஞ்ச் ரங்கன்:
பவுடர் செக், தராசு, அலமாரி, டம்ளர், கார்மின்... 1800 எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது.

பிரிஸ்கோவாசி:
அதைத்தான் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் நன்றி. வீட்டில் உட்கார்ந்து இருவரும் கணக்குப் போட்டோம். முடிவு இப்படி: 6.5-க்கு வார்ப்பிரும்பு சிங்கிள் ஸ்டேஜ், நல்ல டை செட், பீம் தராசு, கார்மின், லபுவா கம்பெனியின் கேஸ் நூறு. ஆயிரம் டாலருக்குப் பக்கத்தில் வருகிறது. மாதம் 60 டாலர் மிச்சம் என்றால் ஒன்றரை வருடத்தில் சரியாகிவிடும். 9 எம்எம்மை இப்போதைக்கு ஆயிரம் ஆயிரமாகக் கடையில் வாங்குகிறேன். காலி கேஸை மட்டும் சேர்த்து வைக்கிறேன். போட்டி கூடி மாதம் ஆயிரத்தைத் தாண்டினால் 750 பேச்சை மறுபடி எடுக்கலாம் என்று எழுதாத ஒப்பந்தம்.

அரிசோனா அக்கா:
மாதம் ஆயிரம் என்று எல்லை வைத்தது தப்பு. அந்த மெதுவான 147-ஐ யாராவது ஒருநாள் சுடக் கொடுப்பார்கள், அப்புறம் எந்த ஒப்பந்தமும் நிற்காது. அதுவரை சேர்க்கிற கேஸில் ராணுவத்தது தனியாகப் பிரித்து வையுங்கள். பிரைமர் குழியின் விளிம்பை அழுத்தி மடித்திருப்பார்கள், புதுப் பிரைமர் நுழையாது. 1100-யில் அதைச் சரிசெய்ய ஒரு ஸ்டேஷனே உண்டு, 750-யில் இல்லை.

பழைய பித்தளை:
நல்ல முடிவு. டையை விட்டுவிடாதீர்கள், பிரஸ் மாறினாலும் டை கூடவே வரும்.

ஆயிரம் கஜம்:
லபுவா என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர்களின் 6.5 கிரீட்மோர் கேஸ் சின்ன ரைபிள் பிரைமர் ஏற்கிற வகை. பெரிய பிரைமர் வாங்கி வைத்துவிடாதீர்கள். உள்ளே நெருப்புப் போகிற துளையும் மற்ற கேஸைவிடச் சிறியது. டையோடு வருகிற வழக்கமான ஊசி அதில் சிக்கி வளையும், சில சமயம் ஒடியும். சின்ன துளைக்கான ஊசி தனியாகக் கிடைக்கும், சில டாலர்தான். கேஸ் ஆர்டர் போடும்போதே இரண்டு சேர்த்துப் போடுங்கள்.

பிரிஸ்கோவாசி:
போட்டாச்சு. பிரைமரும் சின்னதாக மாற்றிவிட்டேன், கூடையில் பெரியதுதான் இருந்தது.